பி பக்கத்தின் கடைசியில்

ஷெஃபீல்ட்
8 அக்டோபர் 2000

அன்புள்ள ரெமி,

நான் நலம். நீங்களும் உங்கள் பவுலின் அக்காவும் நலமா?

முதலில் சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை சொர்ணம் ஆன்ட்டி வீட்டுக்குப் போன் செய்தேன். அவர்கள் எதிர்வீட்டுக்கு ஓடி உங்களைக் கூட்டி வருவதற்குள் என் போன் கார்டில் பாதி தீர்ந்துவிட்டது. நீங்கள் வந்து "ஆமா", "சரி", "நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். இங்கே குளிர் தாங்கவில்லை, தினமும் அழுகை வருகிறது என்று நான் சொன்னதற்கும் "சரி சரி" தான். கொயர் பிராக்டிஸ் முடிந்ததும் என்னை வீட்டில் விடுகிறேன் என்று சொல்லி, காக்ஸ் டவுனை இரண்டு சுற்று சுற்றிப் பேசிக்கொண்டே வருவீர்களே, அந்த மனிதரா இது? கல்யாணமாகி ஏழு வருடத்தில் பேச்சு தீர்ந்துபோகுமா?

சரி, விடுங்கள். வேறொன்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறார்கள். நர்ஸ் என்று வந்துவிட்டு, ஒருவர் தண்ணீர் கேட்கிறாரா போர்வை கேட்கிறாரா என்று தெரியாமல் நிற்பது அவமானமாக இருக்கிறது. பழைய சாமான் விற்கும் கடைக்குக் கோட்டு வாங்கப் போனபோது ஓர் அட்டைப்பெட்டியில் கேசட்டுகள் கிடந்தன. பாட்டுக் கேட்டால் உச்சரிப்பு பழகும் என்று இரண்டை எடுத்து வந்தேன்.

ரெமி, ஒரு வார்த்தை புரியவில்லை! வாக்மேனில் பேட்டரி போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கிடார் மேல் கிடார் மேல் கிடார். நல்ல மழையில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிற மாதிரி. அதற்குள்ளே எங்கேயோ ஒரு பெண் பாடுகிறாள். முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி. என் இங்கிலீஷ் இவ்வளவு மோசமா என்று பயந்துபோய் விடுதியில் பக்கத்து அறை நர்ஸிடம் கொண்டுபோனேன். அவள் இந்த ஊர்க்காரி. கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எங்களுக்கும் புரியாது, புரியக்கூடாது என்றுதான் அப்படிப் பாடுகிறார்கள் என்றாள்.

அவள் காலேஜில் படித்த காலத்தில் இது பெரிய பைத்தியமாம். ஷூகேஸ் என்று பெயர். மேடையில் ஆடாமல், ஜனங்களைப் பார்க்காமல், காலடியில் இருக்கும், கிடார் சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட் பெடல்களையே குனிந்து பார்த்துக்கொண்டு வாசிப்பார்களாம். ஷூவை முறைக்கிறவர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்து வைத்த பெயர் அது. இதுவே கொஞ்சம் அடங்கி, மிருதுவாக இருந்தால் ட்ரீம் பாப். இப்போது யாரும் சீண்டுவதில்லையாம்.

நான் பஸ்ஸில் கேட்டேன். மூன்றாவது பாட்டில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன். குளிரில் திரும்பி நடந்தபோது, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து முதல்தடவையாக எனக்கு யாரோ துணை இருப்பது போல இருந்தது.

இரண்டையும் அனுப்புகிறேன். அட்டையில் பெயரைக்கூட மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். நான் சிவப்பு, நீலம் என்றுதான் சொல்கிறேன். முதலில் நீலம். வாக்மேனில் கேளுங்கள், டூ-இன்-ஒன்னில் வேண்டாம். வார்த்தையைத் தேடாதீர்கள். கிடார் வாசிக்கிற கை உங்களுடையது, என்னைவிட உங்களுக்கு அதிகம் புரியும்.

உங்கள்
மௌரீன்

*

லிங்கராஜபுரம், பெங்களூர்
24 அக்டோபர் 2000

அன்புள்ள மௌரீன் கண்ணு,

கேசட் உடையாமல் வந்தது. நீ நீலம் என்றாய். நான் சிவப்பை முதலில் போட்டேன், மன்னித்துக்கொள்.

என்ன சொல்வது? மெஜஸ்டிக்கில் பஸ் மாறியதே நினைவில்லை, பீன்யா வந்துவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நீலத்தைக் கேட்டேன். இவர்கள் ஸ்வரத்தை வாசித்துவிட்டுத் தள்ளிப் போவதில்லை மௌரீன். விரலை ஸ்வரத்தில் வைத்தபடியே, கிடாரில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிக் கம்பியை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் சுருதி சேர்ந்தும் விலகியும் அலைகிறது. காதால் கேட்பதாகவே தெரியவில்லை. நெஞ்செலும்பில் கேட்கிறது.

தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் உத்தமன் இருக்கிறானே, என் பக்கத்து மெஷின், அவன் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இது நம்ம ஷெட்டுதானேடா? இதைத்தான் தினம் சும்னே ஓசியில கேக்குறமே, இதுக்குக் கேசட் வேறயா?" என்றான். விக்கி கடைக்கு எடுத்துப் போனேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட் சந்தில் கேசட் விற்கிற நம் விக்கிதான். அவன் டெக்கில் போட்டதும் பதறிப்போய் நிறுத்திவிட்டான். "மச்சா, ஹெட்டு அழுக்காயிடுச்சா பாரு" என்று பஞ்சை எடுத்துத் துடைக்கிறான்! பிறகு, "சோலோ எப்போடா வரும்?" என்று கேட்டான். வராது என்றேன். "அப்ப எதுக்குடா இத்தனை கிடாரு?" என்றான். ஆனாலும் அடுத்த நாள் அவனே கூப்பிட்டு, அந்த நீல அட்டையை இன்னொருதரம் கொடு என்றான். அவனை விழ வைத்துவிட்டேன்.

இது வந்த பிறகு வேறு எந்தப் பாட்டும் எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. நம் பழைய கேசட்டுகளைப் போட்டால் சப்பென்று இருக்கிறது. கொயருக்கும் இப்போது போவதில்லை. மைக்கேல்ராஜ் மாஸ்டர் ஏதோ சுருதி விலகுகிறது என்றார். எனக்கும் செகண்ட் ஷிஃப்ட் அலுப்பு, நின்றுவிட்டேன்.

போனுக்குக் கோபித்துக்கொள்ளாதே. சொர்ணம் ஆன்ட்டி வீட்டு லைன் ஒரே கரகர. அந்த ஹாலில் நாலு பேர் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் என்ன பேச முடியும்? போன் வேண்டாம். நீ எழுது, கேசட் அனுப்பு. இன்னும் நிறைய அனுப்பு. அந்தப் பெண்ணிடம் கேட்டு, நல்லதாகப் பார்த்து. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
ரெமி

*

ஷெஃபீல்ட்
12 நவம்பர் 2000

அன்புள்ள ரெமி,

கெஞ்ச வேண்டாம். இதோ.

இது கடையில் வாங்கியது அல்ல. பக்கத்து அறைப் பெண் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி நிறைய எடுத்து வந்தாள். அவளுடைய டபுள் டெக்கில் நானே ஒன்றொன்றாகப் பதிந்தேன். லீவு நாள் முழுக்க இதற்கே போனது. ஏ பக்கம் சத்தமானவை. முதல் பாட்டு ஆரம்பத்திலேயே உங்களை அடித்துப் போட்டுவிடும், பயப்படாதீர்கள், இரண்டாவதில் மூச்சு வரும். நாலாவதில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிறார்கள், யார் குரல் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நாம் கொயரில் ஆல்ட்டோவையும் டெனரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டோமே, அது நினைவுக்கு வந்தது. பி பக்கம் முழுக்க ட்ரீம் பாப். டிரம்ஸே கேட்காது. படுத்துக்கொண்டு கேட்க வேண்டியவை. அதில் மூன்றாவது ஒரு ஆர்கன் பாட்டு. அதை மட்டும் பவுலின் அக்காவுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

ஆனால் பி பக்கத்தைக் கடைசிவரை நீங்கள் முதலில் தனியாகக் கேட்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். டேப்பை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகு வருவது உங்களுக்கு மட்டும்.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொர்ணம் ஆன்ட்டியின் ஹாலில் வைத்து நீங்கள் அதைக் கேட்கவும் வேண்டாம். காகிதத்தில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில், பதிந்து முடித்த அந்தச் சாயங்காலம், விடுதியில் யாரும் இல்லாதபோது அப்படியே பட்டனை அழுத்திவிட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான் வந்திருக்கும்.

கேட்ட அன்றே பதில் எழுதுங்கள் ரெமி. வேறெதுவும் எழுத வேண்டாம். அதற்கு மட்டும்.

மௌரீன்

*

லிங்கராஜபுரம்
28 நவம்பர் 2000

அன்புள்ள மௌரீன் கண்ணு,

நீ சொன்னபடி தனியாக இருந்து, கட்டிலில் படுத்து, கடைசிவரை கேட்டேன். ஒருதரம் இல்லை, திரும்பத் திரும்ப. எவ்வளவு அழகாகச் சேர்த்திருக்கிறாய்! ஏ பக்கத்து இரண்டாவது பாட்டுக்கு நீ சொன்னதுபோலவே மூச்சு வந்தது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தக் கடைசிதான். கிடார் எல்லாம் அடங்கிப்போய், பின்னால் ஏதோ குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும், அதன்மேல் அந்தப் பெண் முணுமுணுக்கிறாள் பார், பாட்டும் இல்லை பேச்சும் இல்லை. நடுவில் நிறுத்துகிறாள். திரும்ப ஆரம்பிக்கிறாள். எனக்கு மட்டும் என்று நீ ஏன் சொன்னாய் என்று புரிந்தது. இந்த மாதிரி இன்னும் இருந்தால் அனுப்பு.

வீட்டைப் பற்றி, என்னைப் பற்றிக் கவலை வைக்காதே. கம்பெனியில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. இந்த நேரத்தில் நீ அங்கே இருப்பதுதான் நமக்குப் பலம். குளிர், அழுகை என்று சொல்லிக்கொண்டு அவசரப்பட்டுக் கிளம்பி வந்துவிடாதே. இரண்டு வருட காண்ட்ராக்ட் முடிகிறவரை அங்கேயே இரு. நான் சமாளித்துக்கொள்கிறேன்.

உன்
ரெமி

*

ஷெஃபீல்ட்
10 டிசம்பர் 2000

ரெமி,

உங்கள் பதில் கிடைத்தது. புரிந்துகொண்டேன். கேட்டேன், சொல்லிவிட்டீர்கள்.

அழகாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வராதே என்று மட்டும் எழுதியிருந்தால் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

இனி நான் பார்த்துக்கொள்கிறேன். கேசட் எதுவும் இனி வராது. கொஞ்ச நாளைக்குக் கடிதமும் வேண்டாம்.

மௌரீன்

*

லிங்கராஜபுரம்
26 டிசம்பர் 2000

மௌரீன், என் கண்ணு,

இதை நீ கிழித்துப் போடுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

எனக்குக் காது கேட்பதில்லை.

முழுக்கச் செவிடு இல்லை. சத்தம் வருகிறது. குரல் வருகிறது. ஆனால் எழுத்து வரவில்லை. நீ பக்கத்தில் இருந்து சத்தமாகப் பேசினால் உன் குரல் என்று தெரியும், அழுகிறாயா சிரிக்கிறாயா என்றுகூடச் சில நேரம் தெரியும். என்ன சொன்னாய் என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால், உதட்டைப் பார்த்தால், முக்கால்வாசி பிடித்துவிடுவேன். போனில் உதடு ஏது? அதனால்தான் "சரி சரி". சொர்ணம் ஆன்ட்டி வீட்டு லைனில் ஒரு கோளாறும் இல்லை. இடது காதில் குக்கர் விசில் அடங்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. பிரஸ் ஷாப்பில் இத்தனை வருடம் பஞ்சுகூட வைக்காமல் நின்றதற்குக் கிடைத்தது. நீ கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. நீ பேசும்போது எதிரில் வந்து நின்றுகொள்வேனே, ஆசையில் பார்க்கிறேன் என்று நீ வெட்கப்பட்டாய்.

கொயரை நான் விடவில்லை. மாஸ்டர்தான், சுருதி சேராமல் வாசிக்கிறாய், கொஞ்ச நாள் வராதே என்றார்.

உன் முதல் கேசட்டைப் போட்டபோது எனக்கு என்ன நடந்தது தெரியுமா? ஒரு வார்த்தையும் புரியவில்லை. உடனே உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். யாருக்குமே புரியாது என்று எழுதியிருந்தாய். உலகத்தில் எல்லோருக்கும் எப்படிக் கேட்கிறதோ அப்படியே எனக்கும் கேட்கிற பாட்டு என்று ஒன்று இருக்கிறது என்று நான் அன்றைக்கு அழுதேன். அதனால்தான் இன்னும் அனுப்பு, இன்னும் அனுப்பு என்று பிச்சைக்காரன் மாதிரிக் கேட்டேன்.

பி பக்கத்தின் கடைசியில் இருந்தது உன் குரல் என்று எனக்குத் தெரியாது. இயேசு சத்தியமாகத் தெரியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை, பட்டனை அழுத்தினேன் என்று நீ எழுதியதை, உன் மனதைச் சொல்லும் ஒரு பாட்டைப் பதிந்ததாகவே எடுத்துக்கொண்டேன். அந்த மெல்லிய சத்தத்தில், அந்த டேப் இரைச்சலில், நீயே எனக்கு ஒரு பாட்டாகக் கேட்டாய். நேற்று கிறிஸ்துமஸ் பூசை முடிந்து பவுலின் அக்கா வந்தாள். உன் கடிதத்தைக் காட்டினேன். நான் ஒன்றும் செய்யவில்லையே, ஏன் இப்படி எழுதுகிறாள் என்று கேட்டேன். அவள் படித்துவிட்டு, "என்ன கேசட்டு? எடு" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்கன் பாட்டுக்குத் தலையை ஆட்டினாள். கடைசிக்கு வந்ததும் அவள் கையிலிருந்த கேக் கீழே விழுந்தது. பளீரென்று ஒரு அறை விட்டாள். "அவ அழுவுறாடா இதுல! அழுவுறா! இதைப் போயி பாட்டுன்னு ரசிச்சியா? மனுசனாடா நீ?" என்று கத்தினாள். அது எனக்கு நன்றாகவே கேட்டது.

அப்புறம் நான் அக்காவிடம் என் காதைக் காட்டிச் சொன்னேன். அவள் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் போட்டு, நீ சொன்னதை எழுதிக் கொடுத்தாள். "ரெமி, நான்தான். மூணு மாசம் ஆவுது. இத்தனை வருஷம் அழுது அழுது கேட்டோமே, அது இப்ப வந்திருக்கு. இங்க யாருக்கும் சொல்லல. தெரிஞ்சா வேலையில வச்சிருப்பாங்களான்னு பயமா இருக்கு. தனியா என்னால முடியாது. வான்னு ஒரு வார்த்தை எழுதுங்க, அன்னிக்கே கிளம்பிடறேன். இருன்னா இருக்கேன்."

நான் இரு என்று எழுதியிருக்கிறேன்.

நீ வந்தால் என் காதைக் கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயத்தில் எழுதினேன் மௌரீன். நர்ஸ் அல்லவா நீ, ஒரு நாள் போதும் உனக்கு. உன் கண்ணில் பாதி மனுசனாகிப் போவேனோ என்று பயந்தேன்.

இன்று காலை அக்காவை ஐ.எஸ்.டி. பூத்துக்குக் கூட்டிப் போனேன். உன் விடுதியில் யாரோ எடுத்து, மௌரீன் இங்கே இல்லை, ஆஸ்பத்திரி என்று ஏதோ சொன்னார்களாம். அக்காவுக்கு அவர்கள் இங்கிலீஷ் புரியவில்லை. என்ன ஆஸ்பத்திரி? உனக்கு என்ன?

வா. வா. வா. வேலை போனால் போகட்டும், வந்துவிடு.

ரெமி

*

லிங்கராஜபுரம்
3 ஜனவரி 2001

மௌரீன்,

தினமும் பூத்துக்குப் போகிறோம். மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை என்கிறாள் அக்கா. இல்லாவிட்டால் நீ ஊரில் இல்லை என்கிறார்களாம். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பர்ஸில் எதையோ தேடுகிறாள்.

ஏதாவது சொல். திட்டு. யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல். உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் சொல்.

ரெமி

*

ஷெஃபீல்ட்
7 ஜனவரி 2001

ரெமி,

உயிரோடு இருக்கிறேன்.

உங்கள் கிறிஸ்துமஸ் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அதற்குப் பிறகும் நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அது இன்னும் வந்து சேரவில்லை. அதற்கும் சேர்த்து இது பதில்.

குழந்தை இல்லை. டிசம்பர் பதினெட்டு. நீங்கள் இரு என்று எழுதியபிறகு நான் எதுவும் செய்துகொள்ளவில்லை. இல்லத்து மேட்ரனிடம் நானே போய்ச் சொன்னேன். நாங்கள் ஏன் உன்னை அனுப்பப்போகிறோம் என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கர்ப்பமானால் வேலை போய்விடும் என்று என்னை இங்கே அனுப்பிய ஏஜென்ட் சொன்னதெல்லாம் பொய். தனியாகப் பெற்று, தனியாக வளர்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். உங்கள் மேல் இருந்த ரோஷத்திலேயே வளர்த்திருப்பேன். மெல்லிய உல்லனில் ஒரு தொப்பிகூடப் பின்ன ஆரம்பித்தேன்.

வேலையில் இருக்கும்போதே வயிற்றில் வலி எடுத்தது. ஒரு கிழவிக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைப் பெண்தான் ஆம்புலன்ஸில் கூட வந்தாள். பெண் குழந்தை. காட்டினார்கள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. விரல் எல்லாம் இருந்தது.

நீ இங்கே இருந்தாலும் ஊரில் இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நானும் நர்ஸ்தான், அது உண்மையாக இருக்கலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஊரில் இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் நின்றிருப்பீர்கள். இங்கே படிவத்தில் கணவர் எங்கே என்று கேட்டபோது பெங்களூர் என்று மட்டும் எழுதினேன்.

விடுதிக்குப் போன் வந்தது என்று சொன்னார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வீட்டில் போய்ப் படுத்திருந்தேன். நீங்கள் என்று தெரிந்தும் திரும்ப அழைக்கவில்லை. நீங்களும் கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் இருந்தது. ஏன் தவிக்கிறீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ரெமி, என் வார்டில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்குக் காது கேட்காது. என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். எஸ் டியர், எஸ் டியர். சாப்பிட்டாயா, எஸ். வலிக்கிறதா, எஸ். குனிந்து முகத்துக்கு நேராக வந்து பேச வேண்டும் என்று முதல்நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாள் பூராவும் அதைச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்து நீங்கள் சொன்ன "சரி சரி"யைக் கேட்டு, இந்த மனிதருக்கு என்மேல் அன்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. காது போனதற்கு என்ன மன்னிப்பு? அதை என்னிடம் மறைத்தீர்களே. பாதி மனுசன் என்று நினைப்பேனாம். என்னை என்னவென்று நினைத்தீர்கள்?

அந்தக் கேசட்டுகளை எல்லாம் பெட்டியோடு பக்கத்து அறைப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு பாட்டுக்கூடக் கேட்க முடியவில்லை.

மௌரீன்

*

லிங்கராஜபுரம்
19 ஜனவரி 2001

மௌரீன்,

பெண் குழந்தை என்று படித்துவிட்டுக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மீதியை அவள்தான் எனக்கு எதிரில் உட்கார்ந்து, உதட்டை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். அவளாலும் முடிக்க முடியவில்லை.

சமாதானம் எதுவும் சொல்ல மாட்டேன். என்னிடம் இல்லை. செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார். பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோதுதான், எத்தனை சத்தம் என்னைத் தாண்டிப் போயிருக்கிறது என்று அவர் வரைபடத்தில் காட்டினார். இடது காது இனி வராது. வலது காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு புரியும், பிரஸ் ஷாப்பை விடாவிட்டால் அதுவும் போகும் என்றார். சேஷகிரி சாரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். எங்கள் சூப்பர்வைசர். "மொதல்லயே சொல்றதுக்கென்னய்யா?" என்று திட்டிவிட்டு, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். சம்பளம் குறைவு. இனி குறைந்த சம்பளம் என்று உன்னிடம் நேராகவே சொல்கிறேன்.

மெஷின் விற்கும் இடத்தில் சோதனைக்கு ஒன்றை மாட்டிவிட்டு, யாரையாவது பேசச் சொல்லிக் கேளுங்கள் என்றார்கள். நான் வாக்மேனை எடுத்துப் போயிருந்தேன். அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பி பக்கத்தின் கடைசியைப் போட்டேன். எல்லாம் வரவில்லை. "ரெமி, நான்தான்" என்றது வந்தது. "தனியா" என்றது வந்தது. கடைக்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மற்ற கேசட்டுகள் விக்கியிடம் இருக்கின்றன. அவன் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டி, இது புதுசா, சக்கத்தா, சூப்பரா இருக்கு என்று ஆள் பிடிக்கிறானாம். யார் யாரோ பிரதி கேட்டு வருகிறார்களாம். எடுத்துக்கொள்ளட்டும். நான் இனி அதைக் கேட்பேனா தெரியவில்லை.

அவளை எங்கே வைத்தார்கள்? ஜெபம் சொன்னார்களா? இது ஒன்றை மட்டும் எழுது. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். இரு என்றும் சொல்ல மாட்டேன், வா என்று சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால் வா.

ரெமி

*

ஷெஃபீல்ட்
4 பிப்ரவரி 2001

ரெமி,

ஆஸ்பத்திரிக் கோயில் சாமியார் வந்து ஜெபித்தார். அதற்கென்று ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே மற்றக் குழந்தைகளோடு வைத்திருக்கிறார்கள். ஏதாவது பெயர் சொல் என்றார். சட்டென்று வாயில் வந்தது பவுலின். அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள், என்னால் எழுத்தில் சொல்ல முடியாது.

மேட்ரன் ஒரு மாதம் லீவு கொடுத்திருக்கிறார். பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை பம்பாய் விமானத்தில் வருகிறேன். இது லீவு மட்டும்தான். திரும்பிப் போவேனா, அங்கேயே இருப்பேனா என்பதை வந்து பார்த்துத்தான் முடிவு செய்வேன். கோபம் அப்படியே இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

மெஷினை வாங்குங்கள். நான் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். ஏர்போர்ட்டுக்கு அக்காவையோ விக்கியையோ கூட்டி வர வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். கூட்டத்தில் சத்தமாக இருக்கும், நான் அழுதுகொண்டே பேசுவேன், வேகமாகப் பேசுவேன், கண்டபடி திட்டவும் திட்டுவேன். கேட்காவிட்டால் கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று சொல்லுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

மௌரீன்